மச்சுச் சாமானை இறக்குவதற்கு முன்: பரம்பரைப் பொருள் முதன்முறையாகக் கைக்கு வருகிறவர்களுக்கு

ஆச்சியின் பதினாறு முடிந்த மறுநாள், திருநெல்வேலி வீட்டு மச்சைக் காலி செய்கிற வேலை என் தலையில் விழுந்தது. வீட்டை விற்பதாகப் பேசி முடித்தாயிற்று. எனக்கு இரண்டு நாள் லீவுதான் மிச்சம். ஏணி போட்டு ஏறினேன், கையில் கிடைத்த பித்தளையை எல்லாம் சாக்கில் கட்டினேன், பாலிஷ் போடக் கொடுத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் திரும்பி வந்தவை தங்கம் மாதிரி மின்னின. இரண்டு தவலைகளின் கழுத்தில் இருந்த எழுத்துகளை மட்டும் காணோம்.

பழைய பாத்திரங்களில் சின்ன உளியால் புள்ளி புள்ளியாகத் தட்டித்தான் பெயர் வெட்டியிருப்பார்கள். மெஷினில் கொடுத்துத் தேய்த்தால் மேல்தோலோடு சேர்ந்து அந்தப் புள்ளிகளும் போய்விடும். கடைக்காரர் மேல் குற்றம் இல்லை. "நல்லாப் பளபளன்னு இருக்கணும்" என்று அவரிடம் சொன்னவன் நான்தான்.

சாக்கில் நுழையாததால் ஒரு பெரிய சருவம் (வாயகன்ற பித்தளைப் பாத்திரம்) மட்டும் தப்பியது. அதன் விளிம்புக்குக் கீழே இரண்டு இனிஷியலும் "1112 தை" என்றும் வெட்டியிருந்தது. கடை நம்பராக இருக்கும் என்று நினைத்தேன். தாத்தாவின் கடைசித் தங்கை, நாங்கள் சின்ன ஆச்சி என்று கூப்பிடுகிறவர், தார்சாவில் (வீட்டு முன்கட்டில்) உட்கார்ந்தபடி எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"கடை நம்பரா? கொல்லம் ஆண்டுல்லா அது. அந்தத் தைலதான் எங்க பெரியக்காவுக்குக் கல்யாணம். கூட அனுப்புன சருவம்."

"அனுப்புனது இங்க எப்படி ஆச்சி வந்துச்சு?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அவளோடதான் வந்துச்சு. மூணாம் வருசம்."

அப்படி ஓர் அக்கா இருந்தார் என்பதே எங்கள் தலைமுறைக்குத் தெரியாது. தாலியறுத்துப் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர், முப்பது வயதுக்குள் போய்ச்சேர்ந்துவிட்டாராம். வீட்டில் அவர் படம் ஒன்றுகூடக் கிடையாது. இருப்பது அந்தச் சருவம்தான். சாக்கு இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்திருந்தால் அதுவும் மின்னிக்கொண்டு திரும்பி வந்திருக்கும்.

ஆகவே, கீழே சொல்லும் வேலைகளில் எதை விட்டாலும் விடுங்கள், வரிசையை மாற்றிவிடாதீர்கள்.

முதல் வேலை: எதையும் துலக்காமல் படம் எடுப்பது

பொருள் எங்கே, எதோடு சேர்ந்து, எப்படி இருக்கிறதோ அப்படியே போனில் படம் எடுங்கள். தூசி, ஒட்டடை, சுற்றியிருக்கும் செய்தித்தாள் எல்லாம் படத்தில் இருக்கட்டும். அந்தச் செய்தித்தாளின் தேதியே அது எப்போது மச்சுக்கு ஏறியது என்று சொல்லிவிடும். டிரங்குப் பெட்டியைத் திறந்தால் முதலில் மேலடுக்கு, பிறகு ஒவ்வொன்றாக எடுத்து அடுத்த அடுக்கு. குழந்தையின் வெள்ளி அரைஞாணும் ஒரு சின்னப் பாவாடையும் ஒரே துணி முடிச்சில் இருந்தால், இரண்டும் ஒரே பிள்ளையுடையதாக இருக்கலாம். தனித்தனியாக எடுத்து வைத்துவிட்டால் அந்தத் துப்பு போய்விடும்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நம்பர் கொடுத்து, சீட்டில் எழுதி நூலால் கட்டுங்கள். செல்லோடேப் வேண்டாம், அதன் பசை எதன்மேல் பட்டாலும் கறைதான்.

பழைய பித்தளைக்கு எவர்சில்வர் கொடுக்கிறவரும், பழைய ஜரிகை வாங்குகிறவரும், வீடு காலியாகிற செய்தியை எப்படித்தான் மோப்பம் பிடிப்பார்களோ, மறுநாளே வாசலில் நிற்பார்கள். எங்கள் தெருவில் 70-களில் பாதிப் பித்தளை எடைக்கு எடை எவர்சில்வராக மாறிப்போனது இப்படித்தான். "அடுத்த மாசம் வாங்க" என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

இரண்டாம் வேலை: கேட்பது

அதிக நேரம் கொடுக்கவேண்டியது இதற்குத்தான். உறவில் மூத்தவர்கள் யார் யார் என்று பட்டியல் போட்டு, வயதில் பெரியவரிடமிருந்து தொடங்குங்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்து ஒரு தூக்கம் போட்டு எழுந்து காப்பி குடிக்கிற நேரம் தோதானது. வெறுங்கையோடு போகாதீர்கள், பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். கண் சரியாகத் தெரியாதவர்கள்கூடத் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

"பழைய கதையெல்லாம் சொல்லுங்க" என்று கேட்டால் யாருக்கும் ஒன்றும் வராது. "நமக்கு என்னப்பா கதை" என்பார்கள். கேள்வி சின்னதாகவும் பொருளை ஒட்டியதாகவும் இருக்கவேண்டும். இந்தப் போணிப் பாத்திரத்தில் என்ன வைப்பீங்க? இதை யார் துலக்குவா? இந்த நெளிசல் எப்ப விழுந்துச்சு? இதைக் கடைசியா எப்ப இறக்கினோம்? நெளிசலைப் பற்றிக் கேட்டால் நிச்சயம் ஒரு சண்டை வெளியே வரும்.

போனில் குரலைப் பதிவு செய்யுங்கள், சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பதிவின் தொடக்கத்தில் தேதி, இடம், பேசுகிறவர் பெயர், பொருளின் நம்பர் ஆகியவற்றை உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் மூன்று வருஷம் கழித்து நாற்பது கோப்புகளில் எது எது என்று உங்களுக்கே தெரியாது. அரைமணி நேரத்துக்கு மேல் போகவேண்டாம், பெரியவர்களுக்கு அசதி வந்துவிடும். மறுபடி போகலாம்.

இருவர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். எங்கள் வீட்டு அட்டிகையைத் தாத்தா மதுரையில் வாங்கினார் என்கிறார் பெரிய சித்தி. அடகில் மூழ்கிய இன்னொருத்தர் நகையை விலை பேசி எடுத்தது என்கிறார் சின்னச் சித்தி. பதிவேட்டில் இரண்டுமே இருக்கின்றன. பரம்பரை நகைக்குள் அடகுக் கதை, பாகப்பிரிவினைக் கதை, "அவளுக்குக் கொடுத்தா, எனக்குக் கொடுக்கலை" என்கிற கதை இல்லாமல் இருக்காது. பெரியவர் பேச்சை நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். ரெக்கார்டரை அணைத்தபின் சொல்வார்கள். அதை எழுதலாமா என்று கேட்டுக்கொண்டு எழுதுங்கள்.

மூன்றாம் வேலை: பொருளில் இருக்கும் எழுத்தைப் படிப்பது

இருட்டறையில் பாத்திரத்தை வைத்து டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால், நேர் வெளிச்சத்தில் தெரியாத புள்ளி எழுத்து எழும்பி நிற்கும். மெல்லிய காகிதத்தை மேலே வைத்து பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தாலும் எழுத்து பதியும்.

வருஷம் மூன்று விதமாக வரும். ஆங்கில வருஷம் என்றால் சிக்கல் இல்லை. திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கம் கொல்லம் ஆண்டு (கேரளத்தில் வழங்கும் ஆண்டுக் கணக்கு) நிறைய இருக்கும். 1000-ஐத் தாண்டி 1100 சொச்சத்தில் ஓர் எண்ணைப் பார்த்தால் 824 அல்லது 825-ஐக் கூட்டிப் பாருங்கள், ஆங்கில வருஷம் கிடைக்கும். எங்கள் சருவத்தின் 1112 தை, 1937 ஜனவரி வாக்கில் வருகிறது. மூன்றாவது, பிரபவ முதல் அட்சய வரையிலான அறுபது வருஷப் பெயர்கள். இவை சுற்றிச் சுற்றி வருவதால் பெயரை மட்டும் வைத்து முடிவு கட்டமுடியாது. "தாது" என்றால் 1876-ஆகவும் இருக்கலாம் (பெரும் பஞ்சம் வந்த தாது வருஷம் அதுதான்), 1936-ஆகவும் இருக்கலாம், 1996-ஆகவும் இருக்கலாம். அப்போது வீட்டில் யார் உயிரோடு இருந்தார்கள் என்று பார்த்துத்தான் ஒன்றைத் தேர்வு செய்யவேண்டும். பழைய பத்திரங்களிலும் ஓலைகளிலும் தமிழ் எண்கள் வரும். அவற்றில் ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். இந்த மூன்றும் தெரிந்தால் பாதிப் பத்திரத்தைப் படித்துவிடலாம்.

வீட்டில் மொய் நோட்டு இருந்தால் (எங்கள் பக்கம் சுருள் நோட்டு என்போம்) அதைப் பொக்கிஷமாக நினையுங்கள். எந்தக் கல்யாணத்துக்கு யார் என்ன வைத்தார்கள் என்பது வரிசையாக இருக்கும். "குத்துவிளக்கு ஒன்று" என்ற வரிக்கு நேரே உள்ள பெயரையும், விளக்கின் அடியில் வெட்டியிருக்கும் இனிஷியலையும் பொருத்திப் பார்க்கிற சுகத்தில் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தொலைத்தேன். 1957-க்கு முந்தைய நோட்டு என்றால் கணக்கு ரூபாய், அணா, பை என்று இருக்கும். 16 அணா ஒரு ரூபாய், 12 பை ஓர் அணா. அந்த வருஷம் ஏப்ரலில்தான் நூறு பைசாக் கணக்கு வந்தது.

படி, நாழி, உழக்கு, ஆழாக்கு போன்ற அளவைகளில் அரசாங்க முத்திரை குத்தியிருக்கும், அதையும் படம் எடுங்கள். காசுமாலையில் உண்மையான இங்கிலாந்துப் பவுன் கோத்திருந்தால் குதிரைவீரன் இருக்கும் பக்கத்தில் பெரும்பாலும் வருஷம் இருக்கும். மாலை அந்த வருஷத்துக்கு முன்னால் செய்ததாக இருக்க முடியாது. நம்முடைய "பவுன்" என்கிற கணக்கே அந்தக் காசிலிருந்து வந்ததுதான். அதன் எடை 7.98 கிராம், நாம் 8 என்று வைத்துக்கொண்டோம்.

நான்காம் வேலை: துலக்குவது

இப்போது துலக்கலாம், ஆனால் எல்லாவற்றையும் அல்ல.

பித்தளைக்கும் செம்புக்கும் புளியும் உப்பும் போதும். எழுத்து இருக்கும் இடத்தில் புளித் தண்ணீரை மெல்லிய துணியில் தொட்டுத் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரும்பு நார், செங்கற்பொடி, மெஷின் பாலிஷ் மூன்றும் அந்தப் பக்கமே வரக்கூடாது. கழுவியதும் ஈரம் இல்லாமல் துடைத்து வெயிலில் காட்டுங்கள். கொஞ்சம் கறுத்திருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். பச்சையாகக் களிம்பு பிடித்திருப்பதை மட்டும் எடுத்தால் போதும்.

அதில் சமைக்கப் போகிறீர்களா? அப்படியென்றால் உள்ளே ஈயப்பூச்சு இருக்கவேண்டும். இல்லாவிட்டால் புளியும் தயிரும் பட்டதும் களிம்பு இறங்கும். ஈயம் பூசுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். பெரிய கோயில்களை ஒட்டிய பாத்திரக்கடைத் தெருவில் விசாரித்தால் யாராவது அகப்படுவார். பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவி, புகை கிளம்பும்போதே ஈயத்தைத் தடவிப் பஞ்சால் ஒரே இழுப்பாக இழுப்பார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள், கொஞ்சம் தள்ளி நின்று. பூசுவது வெள்ளீயம்தானா என்பதை முன்கூட்டியே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். காரீயம் கலந்தால் விஷம்.

ரசம் வைக்கிற ஈயச்செம்புக்கும் அதே எச்சரிக்கை. எதில் செய்தது என்று தெரியாத பழைய செம்பாக இருந்தால் சோதித்துப் பார்க்காமல் ரசம் வைக்கவேண்டாம். நல்ல வெள்ளீயமாகவே இருந்தாலும் அது 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். முதலில் செம்பில் ரசத்தை விட்டு, அதற்கப்புறம்தான் அடுப்பில் ஏற்றவேண்டும், தீயும் சின்னதாக இருக்கவேண்டும். வெறும் செம்பை ஏற்றிவிட்டுப் போனை எடுக்கப் போனால், திரும்பி வரும்போது பர்னரில் வெள்ளிக் குளம்தான் இருக்கும். எல்லார் வீட்டிலும் மருமகள் உருக்கிய ஈயச்செம்பு ஒன்று உண்டு. எந்த வீட்டிலும் மகள் உருக்கியதாகக் கதை கிடையாது.

வெண்கலம் தட்டினால் கணீர் என்று நின்று ஒலிக்கும். சத்தம் சட்டென்று அடங்கினால் எங்கோ கீறல் இருக்கிறது, அடுப்பில் வைக்காதீர்கள். கீழே போட்டால் பித்தளை நெளியும், வெண்கலம் உடையும். கஞ்சிக் கும்பாவைப் பேரன் கையில் கொடுக்கும்போது ஞாபகம் இருக்கட்டும்.

பட்டுக்கு வருவோம். பழைய காஞ்சிப் பட்டின் ஜரிகை, பட்டு நூலின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்கமுலாம் பூசியது. அதனால்தான் ஜரிகைக்காரர் தேடி வருகிறார். புடவையை எரித்து வெள்ளியைப் பிரித்தெடுப்பார்கள். புடவை போனாலும் காசு வருகிறதே என்று தோன்றும். தோன்றினால், முதலில் முந்தானை, உடல், கரை மூன்றையும் வெயில் நேரடியாக விழாத வெளிச்சத்தில் படம் எடுத்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வைத்துக்கொள்வதாக இருந்தால், பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துத் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். பல வருஷம் ஒரே மடிப்பில் கிடந்தால் மடிப்போடு கிழியும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றுங்கள். ஹேங்கரில் தொங்கவிட்டால் ஜரிகையின் கனமே பட்டை இழுத்துவிடும். பாச்சை உருண்டை ஜரிகையில் படக்கூடாது. வசம்பைத் துணியில் முடிந்து பக்கத்தில் போடுங்கள். மடிப்பில் ஏற்கெனவே விட்டுப்போன புடவையைத் தண்ணீரில் நனைக்கவே நனைக்காதீர்கள். டிரைகிளீனிங்குக்குக் கொடுப்பதும் ஆபத்து.

நைந்துபோன கூறைப் புடவையை வெட்டிப் பேத்திகளுக்குப் பாவாடை தைக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். உடல் நைந்து கரை மட்டும் திடமாக இருந்தால், என் ஓட்டு தைப்பதற்கே. பெட்டிக்குள் இருந்தபடியே பொடியாக உதிர்வதைவிட, ஒரு தீபாவளிக்கு ஓடியாடிவிட்டுக் கிழியட்டும்.

படங்களும் காகிதங்களும். இங்கேதான் ஆசையோடு செய்கிற தப்புகள் அதிகம். முதல் தப்பு, லேமினேட் பண்ணுவது. பழைய பத்திரம், கடிதம், கல்யாணப் பத்திரிகை எதையும் லேமினேட் செய்யாதீர்கள். சூடும் பசையும் ஒருமுறை ஏறிவிட்டால் இறங்காது. இரண்டாவது, கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்ப்பது. ஈரக்கசிவில் படத்தின் மேல்பூச்சு கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கும், பிய்த்தால் முகம் கண்ணாடியில் வந்துவிடும். அப்படியே கண்ணாடியோடு சேர்த்துப் படம் எடுங்கள். மூன்றாவது, படத்தின் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் பெயர் எழுதுவது. மறுபக்கம் தடம் விழும். மெல்லிய பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுதுங்கள்.

ஸ்கேன் செய்வதென்றால் சாதாரண ஸ்டுடியோ படத்துக்கு 600 டிபிஐ, பாஸ்போர்ட் அளவுக்கு 1200. பின்பக்கத்தையும் சேர்த்து. ஸ்டுடியோவின் முத்திரை அங்கேதான் இருக்கும். காகிதக் கட்டில் இருக்கும் குண்டூசி, ரப்பர் பேண்ட், கிளிப் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், துரு காகிதத்தைத் தின்னும். காகிதத்தை அரிக்கிற ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று கட்டின் முதுகுப்பக்கம் பாருங்கள்.

ஓலைச்சுவடி இருந்தால் நீங்கள் எதுவுமே செய்யவேண்டாம். கயிற்றை இழுக்கவேண்டாம், ஒட்டியிருக்கும் ஏடுகளைப் பிரிக்கவேண்டாம், தேங்காய் எண்ணெய் தடவவேண்டாம். ஜாதக ஓலைதானே என்று தள்ளிவிடவும் வேண்டாம், உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்கத் தெரிந்தவர்தான் சொல்லமுடியும். எங்கள் சீமையில் கரிவலம்வந்தநல்லூர்க் கோயில் ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் போட்டுவிட்டார்கள் என்று கேட்டு உ.வே.சாமிநாதையர் நொந்துபோனது பலருக்கும் தெரிந்த சங்கதி. சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும் உ.வே.சா. நூலகமும், தஞ்சாவூரில் சரசுவதி மகால் நூலகமும் இருக்கின்றன. எழுதிக் கேளுங்கள். கொடுக்க மனமில்லை என்றால் மின்படி எடுத்துக்கொண்டு திருப்பித் தருவார்களா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.

தஞ்சாவூர்ப் படத்தை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், புடைத்திருக்கும் சுண்ணம் ஊறி உதிரும். விளக்குப் புகை படாத சுவருக்கு மாற்றினால் போதும். கொலுப் பொம்மையில் வர்ணம் போன இடத்துக்குப் புதுப் பெயின்ட் அடிப்பதற்கு முன், அந்த மூக்கை யார் எப்போது ஒட்டவைத்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நகைக்கு ஒரே ஒரு விஷயம். பாம்படம், தண்டட்டி மாதிரி பழைய காதணிகள் பார்க்கக் கனமாக இருக்கும். மேலே தங்கத் தகடு, உள்ளே அரக்கு. எடை போடும்போது கழிவு சொல்வது இதனால்தான், எல்லாக் கடைக்காரரும் ஏமாற்றுகிறார் என்று அர்த்தம் இல்லை. உருக்குவதென்று முடிவு செய்தால், அதற்கு முன் ஒரு ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து முன், பின், திருகு எல்லாவற்றையும் படம் எடுங்கள். எடையை எழுதுங்கள். அதைக் கடைசியாகப் போட்டிருந்த காது யாருடையது என்றும் எழுதுங்கள்.

ஐந்தாம் வேலை: சட்டத்தைக் கொஞ்சம் பார்த்துக்கொள்வது

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் "அந்தச் சிலையை நான் கொண்டுபோகிறேன்" என்பார்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளையும், எழுபத்தைந்து வருஷத்துக்கு மேற்பட்ட மதிப்புள்ள சுவடியையும் தனியார் வெளிநாடு கொண்டுபோக முடியாது. சிலை, ஓவியம், படம் வரைந்த சுவடி மாதிரி சில வகைகளை வீட்டில் வைத்திருப்பதற்கே பதிவு வேண்டும். பழசு மாதிரி தெரிகிற ஆனால் அவ்வளவு வயதில்லாத பொருளுக்கு, இது தொல்பொருள் இல்லை என்று இந்தியத் தொல்லியல் துறையில் சான்று வாங்கிக்கொண்டால் விமானநிலையத்தில் முழிக்கவேண்டாம்.

புலிநகம் கோத்த சங்கிலி, தந்தத்தில் செய்த சிமிழ், மான்கொம்பு, மான்தோல். இவை தாத்தா காலத்துப் பெருமையாக இருந்திருக்கலாம். இன்றைக்கு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. உரிமைச் சான்று இல்லாமல் வைத்திருப்பது குற்றம், விற்பது எப்படிப் பார்த்தாலும் குற்றம். வாரிசாகக் கைக்கு வந்தால் 90 நாட்களுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் தெரிவிக்கவேண்டும். தாத்தா சான்று வாங்கினாரா என்று பத்திரக் கட்டில் முதலில் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் வக்கீலைக் கேட்டுவிட்டு அடுத்த அடி வையுங்கள். பேரனுக்குப் போட்டுப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைப்பது அதற்கெல்லாம் முன்னால் வேண்டவே வேண்டாம்.

ஆறாம் வேலை: பிரிப்பது

பட்டியல் முழுசாக முடிந்து, அது எல்லார் கைக்கும் போன பிறகுதான் பிரிக்க உட்காரவேண்டும். வாரிசுகள் எல்லாரும் ஒரே நாளில், முடிந்தால் அந்த வீட்டிலேயே. "பொம்பளைப் பிள்ளைக்குத்தான் கல்யாணத்துலயே செஞ்சாச்சே" என்று ஒரு பெரியவர் தொடங்குவார். இந்துக் குடும்பங்களில் பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை என்று தமிழ்நாட்டில் 1989-இலும், நாடு முழுக்க 2005-இலும் சட்டம் வந்துவிட்டதை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். பாத்திரத்துக்குச் சட்டம் பேசுவது அசிங்கமாகத் தோன்றும். ஆனால் பத்து வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் போவது பெரும்பாலும் வீட்டால் அல்ல, ஓர் இட்லிக் கொப்பரையால்.

எங்கள் வீட்டில் நகையை எடை போட்டுப் பிரித்தோம், அது எளிதாக முடிந்தது. சாமான்களுக்கு ஆளுக்கு ஒன்றாக, மூத்தவரிலிருந்து இளையவர் வரை ஒரு சுற்று, அடுத்த சுற்றில் இளையவரிலிருந்து மூத்தவர் வரை. ஒன்றையே இரண்டு பேர் கேட்டால் திருவுளச்சீட்டு. பல்லாங்குழிக்குத்தான் சீட்டு போடவேண்டி வந்தது, ஒட்டியாணத்துக்கு இல்லை. ஜோடியைப் பிரிக்கக்கூடாது என்பது மட்டும் முன்கூட்டியே பேசிவைத்த விதி. மரப்பாச்சி இரண்டும் ஒரே வீட்டுக்கு, குத்துவிளக்கு இரண்டும் ஒரே வீட்டுக்கு.

பொருள் கிடைக்காதவருக்கு அதன் படமும் பேச்சுப் பதிவும் போகவேண்டும். யாரும் கேட்காத பொருள் என்றும் சில மிஞ்சும். ஆட்டுக்கல், உரல், இரும்பு அண்டா. பிளாட்டில் உரலை எங்கே போடுவது என்று குழம்பவேண்டாம். படம் எடுத்து, கதையை எழுதிக்கொண்டு, உபயோகப்படுத்துகிற யாருக்காவது கொடுங்கள். எங்கள் உரல் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு வாசலில் கோழிக்குத் தண்ணீர் வைக்க உதவுகிறது. போகிறபோது பார்த்துவிட்டு வருவேன்.

ஏழாம் வேலை: பதிவேடு

கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருக்கட்டும். ஆனால் கையால் எழுதிய ஒரு நீள நோட்டும் வேண்டும், பாஸ்வேர்ட் மறந்துபோகாத ஒன்று. பொருளுக்கு ஒரு பக்கம். நம்பர், பெயர் (வீட்டில் என்ன பெயர் சொல்வார்களோ அது, கடைப்பெயர் அல்ல), அளவு, எடை, வெட்டியிருக்கும் எழுத்து, யாரிடமிருந்து யாருக்கு, எப்போது, சொன்னவர் யார், இப்போது யார் வீட்டில். அதற்குக் கீழே பாதிப் பக்கம் காலியாக விடுங்கள். நிரம்பும். "எதற்கென்று தெரியவில்லை" என்று நான் எழுதியிருந்த வளைந்த இரும்புக் கம்பி, தூத்துக்குடியிலிருந்து வந்த ஒரு மதினி பார்த்ததும் கிணற்றில் விழுந்த வாளி எடுக்கும் பாதாளக்கரண்டியின் ஒரு கொக்கி ஆனது. மற்றக் கொக்கிகள் எங்கே என்று இன்னும் தேடுகிறோம். நோட்டை நகல் எடுத்து வேறு இரண்டு ஊர்களில் இருக்கும் உறவினர் வீட்டில் வைத்துவிடுங்கள். ஒரே வீட்டில் வெள்ளம் வரும், கரையான் வரும்.

வைக்கிற இடம் என்றால், தளத்தை ஒட்டிய மச்சு வெயிலில் கொதிக்கும், தரையோடு ஒட்டிய அலமாரியில் ஈரம் ஏறும். இடுப்பு உயரத்தில், வெளிச்சுவரை ஒட்டாத அலமாரி போதும். எங்கள் சருவம் ஹாலில்தான் இருக்கிறது. செய்தித்தாள் போட்டு வைத்திருந்தோம், இப்போது குடைகள்.

போன தை மாதம் மகளுக்கு ஒரு பித்தளைக் குத்துப்போணி வாங்கப் போனேன். பெயர் வெட்டுவது இப்போதும் இனாம்தான், உளிக்குப் பதில் கரண்டில் அதிர்கிற பேனா மாதிரி ஒன்று. கடைப் பையன் போணியை மடியில் வைத்துக்கொண்டு, "இனிஷியல் மட்டும் போதுமாண்ணே?" என்றான்.

"ஊர் பேரும் போடு. மாசம், வருஷம்."

"இங்கிலீஷ் வருஷமா?"

கொல்லக் கணக்கையும் சேர்த்துப் போடச் சொன்னேன். அது என்ன எண் என்று யாராவது ஒருத்தர் கேட்கட்டும் என்றுதான்.